தாலினில் ஒரு வார இறுதி: பணமும் பகல் வெளிச்சமும் கரையும் இடங்கள்

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினின் பழைய நகரம் மிகச் சிறியது. வீரு வாசலின் இரட்டைக் கோபுரத்துக்குள் நுழைந்து நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடத்தில் வடமுனையிலிருக்கும் ‘பருத்த மார்கரேத்தா’ கோபுரத்தைத் தொட்டுவிடலாம். ஆளை ஏமாற்றுவது இந்தச் சின்ன அளவுதான். “இரண்டு நாள் தாராளம், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று கிளம்புகிறவர்கள் பூட்டிய கதவுகளையும் இருட்டையும் டாக்சி மீட்டரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜனவரி கடைசியில், துணைக்கு ஆளில்லாமல் போனபோது எனக்கும் இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தூரம் அந்த ஊரில் ஒரு பொருட்டே இல்லை, எல்லாம் கடிகாரத்தில்தான் இருக்கிறது. எந்த இடம் எந்தக் கிழமை, எந்த மாதம், எந்த மணிக்குத் திறந்திருக்கும் என்பதை வைத்து நாளை அடுக்கினால் இரண்டு நாள் உண்மையிலேயே போதும். அடுக்காவிட்டால் நான்கு நாளும் போதாது. வெள்ளி முதல் ஞாயிறு வரை வரிசையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் காகிதம். எஸ்தோனியா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில் (ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) இருக்கிறது, 2011 முதல் யூரோ. பின்லாந்து, ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாட்டில் வதிவிட அட்டையோடு இருப்பவருக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் வரும்போது வழக்கமான எல்லைச் சோதனை கிடையாது என்பதால் பலர் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். இறங்கும் இடத்தில் திடீர்ச் சோதனை நடந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். லண்டனில் வசிக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. மலிவு விமானத்தில் வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். போர்டிங் பாஸ் போனில் இருந்தாலும், ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுன்ட்டருக்குப் போய் ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அதைச் செய்யாமல் விமான வாசல் வரை போய்த் திரும்பி ஓடியவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கனுக்கு வெளியிலிருந்து குறுகிய காலம் வருகிறவர்களின் கைரேகையும் முகப்படமும் எல்லையில் பதிவாகின்றன, அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். லண்டனைவிட தாலின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து விமானம் பிடித்தால் நள்ளிரவில்தான் இறங்குவீர்கள். அந்த இரவுக்கான அறை வாடகை தூங்குவதற்கு மட்டுமே.

ஹெல்சிங்கியிலிருந்து கப்பலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இதில் தவறு நடப்பது முனையத்தில்தான். ஒவ்வொரு கப்பல் நிறுவனமும் ஒவ்வொரு முனையத்தைப் பயன்படுத்துகிறது. தாலின் பக்கத்தில் ஏ முனையம் துறைமுகத்தின் ஒரு கரையில், டி முனையம் மறு கரையில். கூகுள் வரைபடத்தில் வெறுமனே ‘தாலின் துறைமுகம்’ என்று போட்டுப் போனால் எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். பயணச்சீட்டில் உள்ள எழுத்தைப் பார்த்து அந்த முனையத்தின் பெயரையே போடுங்கள். கேட் கப்பல் கிளம்பும் நேரத்தில் மூடப்படுவதில்லை. இருபது, முப்பது நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

இனி டாக்சி. அந்த ஊரில் எனக்கு வயிற்றெரிச்சல் தந்தது இதுதான். துறைமுக வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு முப்பது யூரோவுக்கு மேல் வாங்கியது. கோபப்பட்டுப் பயனில்லை, ஏனென்றால் அது சட்டப்படி சரி. எஸ்தோனியாவில் டாக்சிக் கட்டணத்துக்கு ஒரே அரசு விகிதம் கிடையாது. விலைப்பட்டியலை வண்டியின் வலப்புறப் பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் போதும். ஏறிவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. அந்த மஞ்சள் பட்டியலில் ஏறும் கட்டணம், கிலோமீட்டர் கட்டணம், காத்திருக்கும் நேரக் கட்டணம் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கிலோமீட்டர் எண்ணைத்தான். ஒரு யூரோவை ஒட்டி இருந்தால் ஏறலாம். மூன்று, நான்கு என்று இருந்தால் அது சுற்றுலாப் பயணிக்காகவே காத்திருக்கும் வண்டி. இரவு, பனி, கையில் பெட்டி என்று இருக்கும்போது யார் குனிந்து கண்ணாடியைப் படிக்கப்போகிறார்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு. ரசீது தர வேண்டியது ஓட்டுநரின் கடமை, ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் போல்ட் செயலியைப் போனில் ஏற்றி, கார்டையும் சேர்த்து, ஊரிலேயே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். அந்த நிறுவனம் 2013-ல் தாலினிலேயே தொடங்கப்பட்டது, வண்டிக்குப் பஞ்சமில்லை. கட்டணம் ஏறும் முன்பே தெரியும்.

உண்மையில் பலருக்கு வண்டியே தேவைப்படாது. இரண்டு முனையங்களிலிருந்தும் பழைய நகரத்து மதில் கால் மணி, இருபது நிமிட நடைதான். விமான நிலையமும் நகர மையத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து ட்ராமில் வரலாம். ட்ராம் பாதையில் கட்டுமான வேலை நடக்கும் காலங்களில் பேருந்து ஓடும், வருவதற்கு முந்தைய நாள் பார்த்துக்கொண்டால் போதும். ட்ராமிலும் பேருந்திலும் தொடுமுறை வங்கி அட்டை செல்லும். ஆனால் அட்டையைக் காட்ட வேண்டியது முன்கதவருகே ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள கருவியில். நடுக்கதவில் ஏறி அங்குள்ள கருவியில் வங்கி அட்டையைத் தேய்த்துவிட்டு, கட்டணம் போய்விட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரச் சீட்டு 2 யூரோ. ஓர் அட்டை ஓர் ஆளுக்குத்தான், துணையோடு வந்தால் ஆளுக்கோர் அட்டை வேண்டும். உள்ளூர்வாசிகளுக்கு 2013 முதல் பயணம் இலவசம். அவர்கள் ஏறுவதைப் பார்த்து யாரும் காசு கட்டுவதில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள், பரிசோதகர்கள் வருகிறார்கள், அபராதம் உண்டு.

தங்குமிடம் பற்றி ஒரு கருத்து. படங்களில் பார்க்கும் பழைய நகரத்து வீடுகள் 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். செங்குத்தான படிகள், பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, வண்டி வாசல் வரை வராது. உருளைக்கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுப்பது கைக்கும் பெட்டிக்கும் தண்டனை. கல்லிடுக்கில் சிக்கிச் சிறு சக்கரங்கள் உடைந்துபோகின்றன. முதுகுப் பையோடு வருவதே மேல். சூர் கார்யா தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் ஒட்டி அறை எடுத்தால் வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடச் சத்தம் விடிய விடிய இருக்கும். அறையைத் தேடும்போது மதிலுக்கு வெளியே, கலமாயா பக்கமோ ரொட்டர்மன் பக்கமோ பாருங்கள். பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும், தூக்கம் மிச்சம். வரவேற்பு மேசை இல்லாத வாடகை வீடு என்றால் கதவுக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் பத்தில் போன் பேட்டரி நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். பூட்டிய கதவின் முன் இருட்டில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் ஒருவருக்கும் வர வேண்டாம். போனை வெளிச்சட்டைப் பையில் வைக்காமல் உடம்பை ஒட்டி வைத்தால் தாக்குப்பிடிக்கும்.

வெளிச்சம்தான் இந்தப் பயணத்தின் மூலதனம். டிசம்பர் பிற்பாதியில் ஒன்பதே காலுக்கு மேல் விடிந்து மூன்று இருபதுக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஆறு மணி நேரம்தான் பகல். ஜனவரி கடைசியில் எட்டரைக்கு மேல் விடிந்து நாலரைக்குள் இருட்டத் தொடங்கும். ஜூனில் இதற்கு நேரெதிர்: விடியற்காலை நாலு மணிக்குச் சூரியன் வந்து இரவு பத்தரையைத் தாண்டித்தான் இறங்கும். எனவே குளிர்காலத்தில் வருகிறவர் பகலில் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போது வெளியே நடை, இருட்டியபின் அருங்காட்சியகம். கோடையில் வருகிறவர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். உல்லாசக் கப்பல்கள் காலையில் ஆட்களை இறக்கிவிட்டு மாலைக்குள் ஏற்றிக்கொண்டு போய்விடும். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் கூட்டம் கூட்டமாக வந்து காட்சி மேடைகளில் அடைத்துக்கொள்வார்கள். பிக்பாக்கெட் வேலை நடப்பதும் அப்போது அங்கேதான். அந்த நேரத்தில் பழைய நகரத்தை விட்டு வெளியேறி, காலை ஏழு முதல் ஒன்பதரை வரையும் மாலை ஐந்துக்கு மேலும் அதைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தின் கப்பல் வருகை அட்டவணை இணையத்தில் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று கப்பல் என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை முதல் வேலை தோம்பேயா குன்று. கீழ் நகரத்திலிருந்து மேலே போக இரண்டு பழைய வழிகள்: வண்டிகள் ஏறிய சரிவான பிக் யால்க், படிக்கட்டாக ஏறும் லூஹிக்கே யால்க். இரண்டிலும் குளிர்காலத்தில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கும். மணல் தூவுவார்கள், அது நடுப்பகுதியில் மட்டும் நிற்கும், ஓரத்தில் நிற்காது. கைப்பிடி இருக்கிறதே என்று ஓரமாகப் போகிறவர்தான் முதலில் விழுகிறார். காலணிக்கு அடியில் மாட்டும் ரப்பர்க் கம்பி முள் பெரிய கடைகளில் பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஒன்று மட்டும்: அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் வழுவழுத் தரையில் கால் வைத்தால் வெளியே விழாதவர் உள்ளே விழுவார், கழற்றிவிட்டு நுழையுங்கள். கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர் விழும் இடங்களில் நடைபாதையில் நாடா கட்டியோ கட்டை சாத்தியோ வைத்திருப்பார்கள். அது அலங்காரம் இல்லை, சுற்றிப் போங்கள். இருட்டில் நடக்கிறவர்கள் ஆடையில் ஒளிப் பிரதிபலிப்பான் தொங்கவிட வேண்டும் என்பது எஸ்தோனியச் சட்டம். ஒன்றிரண்டு யூரோவுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

குன்றின் மேல் கோஹ்டுஓட்சா, பட்குலி என்று இரண்டு காட்சி மேடைகள். கோஹ்டுஓட்சாவில்தான் எல்லோரும் படமெடுப்பார்கள். பட்குலியிலிருந்து பார்த்தால் சிவப்புக் கூம்புக் கூரை போட்ட மதில் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும், எனக்கு அதுதான் பிடித்தது. மதிலில் இன்றும் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டரும் 26 கோபுரங்களும் மிச்சம். அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம் 1900-ல் ரஷ்யப் பேரரசு கட்டி முடித்தது. உள்ளே படமெடுக்கக் கூடாது, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். எதிரே நாடாளுமன்றம். உள்ளே சுற்றிக் காட்டுவது வேலை நாட்களில் மட்டும், வார இறுதிக்காரருக்கு வாய்ப்பில்லை, வெளிச் சுவரைப் பார்த்துவிட்டு நகரலாம். தோம் ஆலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மரக் குலச்சின்னங்கள் சுவர் முழுக்க மாட்டியிருக்கும், அந்த ஊரை ஆண்ட ஜெர்மானியப் பிரபுக் குடும்பங்களின் இறுதிச் சடங்குச் சின்னங்கள். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும்போது பார்வையாளருக்கு இடமில்லை என்பதால் சனிக்கிழமையே பார்த்துவிட வேண்டும்.

கோபுரம் ஏற நினைப்பவர்கள் ஏமாறும் இடம் ஓலெவிஸ்தே ஆலயம். இன்றைய உயரம் ஏறத்தாழ 124 மீட்டர். 16-ஆம் நூற்றாண்டில் அது உலகத்திலேயே உயரமான கட்டடம் என்று சொல்வதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை, வழிகாட்டிகள் விடுவதில்லை. 258 படி ஏறினால் கூம்பின் அடியைச் சுற்றி ஒரு குறுகலான மேடை. சுருள் படி, பிடித்துக்கொள்ளக் கயிறு, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே வழியில். ஆனால் அது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். நகர மன்றக் கோபுரமும் கோடையில் மட்டும்தான். குளிர்காலத்தில் இரண்டு வாசலிலும் பூட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அப்போது போக வேண்டிய இடம் நிகுலிஸ்தே. அந்த ஆலயக் கோபுரத்துக்குள் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், மேலே கண்ணாடி வழியாக ஊர் முழுக்கத் தெரியும், காற்றும் படாது, படியும் இல்லை. அருங்காட்சியக நுழைவுச்சீட்டு வாங்கும்போதே லிஃப்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

நிகுலிஸ்தேவுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள், முடிந்தால் இருட்டியபின். உள்ளே இருப்பது பெர்ன்ட் நோட்கே 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த ‘மரண நடனம்’. முழு ஓவியம் ஏறத்தாழ 30 மீட்டர் இருந்திருக்கும் என்பார்கள், மிஞ்சியிருப்பது ஏழரை மீட்டர். இடது ஓரத்தில் மேடையில் நின்று ஒரு போதகர் பேசுகிறார். அவருக்குக் கீழே ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது. அடுத்த எலும்புக்கூடு தோளில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு காலைத் தூக்கி ஆடியபடி போப்பாண்டவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. பிறகு பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு சாவு. ஆடுவது எலும்புக்கூடுகள் மட்டும்தான், மனிதர்கள் விறைத்து நிற்கிறார்கள். பின்னால் தெரியும் நிலக்காட்சியில் வயல்கள், ஊர், கப்பல் எல்லாம் தன்பாட்டில் இருக்கின்றன. கீழே பழைய ஜெர்மானியப் பேச்சுமொழியில் மரணத்துக்கும் அவர்களுக்குமான வாக்குவாதம் செய்யுளாக எழுதப்பட்டிருக்கும், மொழிபெயர்ப்புப் பலகையைப் படித்துக்கொண்டே நகர்ந்தால் சுவை கூடும். 1944 மார்ச் 9 இரவு சோவியத் குண்டுவீச்சில் இந்த ஆலயம் எரிந்தது. ஓவியம் அதற்கு முன்பே வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருந்ததால் தப்பியது. குளிர்காலத்தில் திங்கட்கிழமை மூடியிருக்கும். இந்தத் திங்கட்கிழமை விஷயம் கத்ரியோர்க் அரண்மனை, கூமூ ஓவியக்கூடம், கீக் இன் டெ கொக் கோபுரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எனவே நீண்ட வார இறுதி எடுப்பவர்கள் சனி, ஞாயிறு, திங்கள் என்று எடுக்காமல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று எடுப்பதே நல்லது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு லாபமும் உண்டு. வேலை நாட்களில் மதியம் பல உணவகங்களில் அன்றைய சாப்பாடு என்று ஒரே ஒரு பதார்த்தத்தைக் கரும்பலகையில் எழுதிக் குறைந்த விலைக்குத் தருவார்கள். சனி, ஞாயிறில் அது கிடையாது. அதே கடையில் அதே வயிற்றுக்கு இரண்டு மடங்கு. நகர மன்றச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் நீங்கள் கட்டும் காசில் பாதி காட்சிக்கு. மதில் தாண்டி பால்டி யாம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தைக்குப் போனால் நின்றுகொண்டே நன்றாகச் சாப்பிடலாம். ஞாயிறன்று அது சீக்கிரமே மூடத் தொடங்கும் என்பதால் மதியத்துக்குள் போங்கள். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புளித்த முட்டைக்கோசும் பார்லியும் சேர்த்த உள்ளூர்ப் பதார்த்தத்தில் பன்றி இறைச்சி இருக்கும், பட்டாணி சூப்பிலும் பெரும்பாலும் இருக்கும். பெயரைப் பார்த்துக் காய்கறி என்று முடிவு செய்ய முடியாது. ‘தைமெத்தொய்ட்’ என்று கேட்டால் சைவ உணவு என்று புரிந்துகொள்வார்கள். கறுப்புக் கம்பு ரொட்டியும் வெண்ணெயும் எங்கும் கிடைக்கும், அதன் புளிப்பு நம் நாக்குக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. குழாய்த் தண்ணீர் நேரடியாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் விலைக்கு மேல் 10 சென்ட் வைப்புத்தொகை, காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். கடைகளில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை மட்டும்.

வீரு ஹோட்டலின் உளவு அருங்காட்சியகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வார இறுதியில் அதிகம் பேர் ஏமாந்து திரும்பும் இடம் இது. 1972-ல் வெளிநாட்டு விருந்தினருக்காகத் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலில் லிஃப்ட் 22-ஆம் மாடி வரைதான் போகும். அதற்கு மேல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி ஒட்டுக்கேட்கும் அறை வைத்திருந்தது. கதவில் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று ரஷ்ய மொழியில் எழுதியிருக்கும். தானாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடு குறித்த நேரத்தில் மட்டும், அறை சிறியது என்பதால் குழுவும் சிறியது. ஆங்கிலச் சுற்றுக்கு இடம் நேரில் போய்க் கேட்டுக் கிடைப்பது அரிது. விமானச்சீட்டு எடுக்கும் நாளிலேயே இதையும் எடுத்து, மாலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீக் இன் டெ கொக் கோபுரமும் அதனடியில் உள்ள கொத்தளச் சுரங்கமும் மழை, பனி எதற்கும் அஞ்சாத இடம். 38 மீட்டர் உயரம், நான்கு மீட்டர் தடிமன் சுவர். 1577 முற்றுகையின் நினைவாகச் சுவரில் பீரங்கிக் குண்டுகள் பதித்திருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். சுரங்கத்தில் கோடையிலும் பத்து டிகிரிக்கு மேல் போகாது, வெளியே வெயில் என்று அரைக்கைச் சட்டையோடு இறங்கினால் நடுங்குவீர்கள். மதில் மேல் நடக்க விரும்பினால் வீரு வாசலருகே ஹெல்லெமன் கோபுரம். படிகள் முழங்கால் உயரம், தலை இடிக்கும். அதனடியில் கம்பளிச் சட்டை விற்கும் கடைவரிசை. எல்லாம் கையால் பின்னியவை இல்லை. உட்புறம் திருப்பிப் பார்த்து, நூற்கலவைச் சீட்டைப் படித்துவிட்டு விலை பேசுங்கள். அம்பர் நகைகளும் எங்கும் தொங்கும். அம்பர் பெரும்பாலும் கலினின்கிராட், போலந்து, லிதுவேனியாக் கரைகளிலிருந்து வருவது, தாலினில் வாங்குவதால் மலிவு என்று நினைக்க வேண்டாம். சதுக்கத்தின் பழைய மருந்துக்கடை 1422-க்கு முன்பிருந்தே இயங்குகிறது. பக்க அறையில் காய்ந்த முள்ளெலி, பாடம் செய்த தேனீ என்று அக்கால மருந்துகள் வைத்திருப்பார்கள், பார்க்கக் காசில்லை. ஆனால் ஞாயிறு விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமையைப் பழைய நகரத்துக்கு வெளியே செலவிடுவதே சரி. பழைய மருந்துக்கடை மூடியிருக்கும், ஆலயங்களில் வழிபாடு இருக்கும். கலமாயாவின் மரவீட்டுத் தெருக்கள் வழியாக இருபது, இருபத்தைந்து நிமிடம் நடந்தால் லென்னுசதாம் கடல்விமானத் துறை. 1916, 1917-ல் கட்டிய மூன்று கான்கிரீட் குவிமாடங்கள், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. உள்ளே 1936-ல் பிரிட்டனில் கட்டிய ‘லெம்பிட்’ நீர்மூழ்கிக் கப்பல், இறங்கி நடக்கலாம். நுழைவு ஏறத்தாழ இருபது யூரோ, கொஞ்சம் வலிக்கும். மூன்று மணி நேரம் இல்லாமல் போனால் வீண். வெளியே கரையில் 1914-ல் கட்டிய ‘சூர் தொல்’ பனியுடைப்புக் கப்பல் நிற்கிறது, அதன் நிலக்கரிக் கொதிகலன் அறையைத் தவறவிடாதீர்கள். ஓவியம் பிடித்தவர்கள் இதற்குப் பதிலாக ட்ராமேறி கத்ரியோர்க் போகலாம்: 1718-ல் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் தொடங்கிய அரண்மனை, பூங்கா, மறுமுனையில் 2006-ல் திறந்த கூமூ. லென்னுசதாமையும் கத்ரியோர்க்கையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். குளிர்காலத்தில் முடியவே முடியாது.

ஒரே விலையில் பல அருங்காட்சியகங்களுக்குள் விடும் தாலின் கார்டு வாங்கலாமா என்பதற்குக் கணக்குப் போட்டால்தான் பதில். அது 24, 48, 72 மணி நேரக் கணக்கில் ஓடும், நாள் கணக்கில் இல்லை. சனி மதியம் ஒரு மணிக்கு முதலில் பயன்படுத்தினால் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு 24 மணி நேரக் கார்டு தீரும். எனவே லென்னுசதாம், கூமூ போன்ற விலை கூடிய இடங்கள் மூன்று அந்த 24 மணிக்குள் வருமா என்று பாருங்கள், வராவிட்டால் தனித்தனிச் சீட்டே மலிவு. தெருவில் நடந்து மேடைகளைப் பார்த்து ஓர் அருங்காட்சியகத்தோடு திருப்திப்படுகிறவருக்கு அது பணவிரயம். பொதுப் போக்குவரத்து சேர்ந்த வகையும் சேராத வகையும் விற்கிறார்கள், வாங்கும்போது கேளுங்கள்.

திரும்பும் நாளில் பெட்டியைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம், துறைமுக முனையங்களில் லாக்கர் இருக்கிறது. ஆனால் ஏ-யில் வைத்துவிட்டு டி-யில் கப்பல் ஏற வேண்டியிருந்தால் நடுவில் ஒரு நடை கூடும், ஏறப்போகும் முனையத்திலேயே வையுங்கள். ஞாயிறு மாலைக் கப்பலில் ஹெல்சிங்கிக்காரர்கள் மொத்தமாக ஊர் திரும்புவார்கள், பயணச்சீட்டு விலையும் ஏறியிருக்கும், உட்கார இடமும் கிடைக்காது. மதியக் கப்பல் மலிவு, காலியாகவும் இருக்கும். மாலைதான் வசதி என்றால் வெள்ளிக்கிழமை வரும்போதே திரும்பும் சீட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், கேட் திறந்ததும் முதல் ஆட்களோடு ஏறி மேல்தளத்து ஜன்னலோர இருக்கையைப் பிடியுங்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள் வானா தாலின் மதுப் புட்டியை ஊருக்குள் வாங்கிக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லியைத் தாண்டிய திரவம் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். விமான நிலையத்தில் சோதனையைத் தாண்டிய பிறகு உள்ள கடையில் வாங்கினால் கொண்டுபோகலாம்.